வாங்கினாலும் இரவல்தான்

1859 நவம்பர் 24 அன்று சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ லண்டனில் வெளிவந்தது. அச்சிட்டவை 1,250 படிகள். அதில் 500 படிகளை ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போனார். அவருக்கும் அறிவியலுக்கும் அதிகத் தொடர்பு கிடையாது. சார்லஸ் எட்வர்ட் மியூடி என்ற அந்த மனிதர் வாடகை நூலகம் நடத்தி வந்தவர். டார்வின் சொன்ன செய்தி இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளுக்குள் அவ்வளவு வேகமாக நுழைந்ததில் கடையில் விற்ற படிகளைப் போலவே மியூடி வாடகைக்கு விட்ட படிகளுக்கும் பங்கு உண்டு.

மியூடி 1842இல் இரவல் தொழிலில் இறங்கினார். ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். சந்தா கட்டியவர் ஒரு சமயத்தில் ஒரு தொகுதியை எடுத்துச் செல்லலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும். அதே காலத்தில் ஒரு புதிய நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒன்றரை கினி! ஒரே ஒரு நாவலுக்கு ஒன்றரை வருடச் சந்தாவைக் கொட்டிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதனால் புது நாவலை விலைக்கு வாங்கும் பழக்கமே இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்திடம் அருகிப் போனது. வசதி உள்ளவர்கள்கூட மியூடியின் ஆள் வண்டியில் கொண்டுவரும் புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களுக்குக்கூட அவருடைய பெட்டிகள் கப்பலேறி வந்தன.

பதிப்பாளர்களுக்கு இதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை என்பதுதான் வேடிக்கை. அட்டையில் ஒன்றரை கினி என்று போட்டிருந்தாலும் மியூடிக்கு ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் தள்ளிவிட்டார்கள். சில நூறு படிகள் அச்சிட்டால் போதும், மியூடி எடுத்துக்கொள்வார், போட்ட பணம் திரும்பிவிடும். வாசகரைத் தேடி அலைய வேண்டாம். தமிழ்ப் பதிப்புலகில் நூலக ஆணையை நம்பி அச்சு எண்ணிக்கையைத் தீர்மானித்தவர்களுக்கு இந்த நிம்மதியின் சுவை நன்றாகத் தெரியும்.

நாவல் மூன்று தொகுதிகளாக வந்ததற்கும் இலக்கியக் காரணம் ஏதும் இல்லை. ஒரு சந்தாவுக்கு ஒரு தொகுதி என்பது விதி. நாவலை மூன்றாக வெட்டினால் ஒரே நேரத்தில் மூன்று சந்தாதாரர்கள் கையில் அது இருக்கும். முதல் தொகுதியை முடித்தவர் இரண்டாவது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது கூடுதல் சந்தா கட்ட வேண்டும். இந்தக் கணக்குக்காகவே எழுத்தாளர்கள் கதையை இழுத்தார்கள். ஒரு தொகுதியில் சொல்லி முடிக்கக்கூடிய காதலுக்கு நடுவில் ஓர் உயில், ஒரு கடல் பயணம், ஒரு காய்ச்சல். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இந்த உத்தி புதிதல்ல.

இழுத்தது போதாதென்று அடக்கியும் வாசித்தார்கள். குடும்பத்துப் பெண்கள் முன் உரக்கப் படிக்க முடியாத எதையும் மியூடி தன் நூலகத்தில் வைக்கமாட்டார். ஜார்ஜ் மூர் என்ற இளம் நாவலாசிரியரின் முதல் நாவல் 1883இல் இந்தக் கத்தரியில் சிக்கியது. நாட்டுப்புறத்துப் பெண்மணிகள் இருவர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதியதுதான் காரணம் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக மூர் பின்னாளில் கொதித்தார். அவருடைய பதிலடி வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. அடுத்த நாவலை ஒரே தொகுதியாக, ஆறு ஷில்லிங் விலையில், நூலகத்தை ஒதுக்கிவிட்டு வாசகரிடமே விற்றார். 1885இல் மியூடியைத் தாக்கி ஒரு சிறு வெளியீடும் போட்டார்.

1894இல் மியூடி நூலகமும் அதன் போட்டியாளரான டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் பதிப்பாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டன. இனிமேல் தொகுதிக்கு நான்கு ஷில்லிங்குக்கு மேல் கொடுக்கமாட்டோம்; மூன்று தொகுதி நாவல் வந்து ஓராண்டு கழியும்வரை அதன் மலிவுப் பதிப்பை யாரும் கடையில் விற்கக் கூடாது. மலிவுப் பதிப்பு சீக்கிரம் வந்துவிட்டால் நூலகம் வாங்கி வைத்த படிகள் செல்லாக்காசு ஆகிவிடுகின்றனவே என்ற பயம். பதிப்பாளர்கள் பணிந்து போவார்கள் என்றுதான் இரண்டு நிறுவனங்களும் நினைத்திருக்கும். பதிப்பாளர்களோ மூன்று தொகுதி நாவலையே கைகழுவினார்கள். 1894இல் 184 மூன்று தொகுதி நாவல்கள் வந்தன. 1897இல் நான்கு. ஆறு ஷில்லிங் ஒற்றைத் தொகுதி கடைகளை நிறைத்தது, ஆங்கிலேய வாசகர் மறுபடி புத்தகம் வாங்கத் தொடங்கினார். மியூடியின் நூலகம் மேலும் நாற்பது வருடம் இழுத்துப் பிடித்து 1937இல் மூடியது.

இந்தப் பழைய கதையில் ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் சந்தேகமாக இருந்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் மியூடியின் சொத்து. இரவல் கொடுக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கு நீதிமன்ற முத்திரை கிடைத்தது ஒரு தள்ளுபடி விற்பனையால். பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலின் உள்ளே அறிவிப்பு அச்சிட்டது: விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்தக் கடைக்கும் உரிமை இல்லை, மீறினால் காப்புரிமை மீறல். நியூயார்க்கின் மேசிஸ் கடைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது. காப்புரிமை முதல் விற்பனையோடு தன் பிடியை விட்டுவிடுகிறது, அதன்பின் அந்தப் படியை என்ன விலைக்கு விற்பது என்பது வாங்கியவர் பாடு. மறு ஆண்டு சட்டத்திலும் இது ஏறியது. அமெரிக்காவில் பழைய புத்தகக் கடை நடப்பதும் பொது நூலகம் இரவல் கொடுப்பதும் இந்த ஒரு கொள்கையின் பலத்தில்தான். பதினோரு சென்ட் தள்ளுபடிக்கு இவ்வளவு பெரிய வரலாற்றுப் பலன் வேறெங்கும் கிடைத்திருக்குமா தெரியவில்லை.

எழுத்தாளர்களின் முணுமுணுப்பு மட்டும் தொடர்ந்தது. ஒரு படியை நூறு பேர் படித்தால் எனக்கு ஒருவரின் காசுதானே வருகிறது? டென்மார்க் 1946இல் நூலக இரவலுக்காக எழுத்தாளருக்கு அரசே பணம் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் நாவலாசிரியர் ஜான் பிராஃபி 1951இல் ‘இரவலுக்கு ஒரு பென்னி’ என்று கேட்டார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. மகள் பிரிஜிட் பிராஃபி போராட்டத்தைத் தொடர்ந்து நடத்தி 1979இல் சட்டமாக்க வைத்தார். யார் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2018இல் மின்னூல் இரவலையும் இதில் சேர்த்தார்கள். இந்தியாவில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இனி மின்னூல். 1998இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய நெட்லைப்ரரி நிறுவனம் நூலகங்களுக்கு மின்னூல் விற்றபோது காகிதப் புத்தகத்தின் நடத்தையை அப்படியே நகலெடுத்தது. ஒரு படி, ஒரு வாசகர். ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் போகக்கூடிய கோப்புக்கு வேண்டுமென்றே ஒரு வரிசையை உண்டாக்கினார்கள். 2003இல் கிளீவ்லேண்ட் பொது நூலகம் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் வழியாக வாசகருக்கு மின்னூலைத் தரவிறக்கக் கொடுத்தபோதும் இதே ஏற்பாடுதான். இன்று நூலக மின்னூல்களை இரவல் வாங்க உதவும் லிப்பி செயலியில் ‘உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்’ என்று காட்டும் வரிசையும் இதன் வாரிசு. தவணை முடிந்த நாளில் புத்தகம் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைசி அத்தியாயம் பாக்கி இருப்பவர்கள் அமேசானின் கிண்டில் கருவியை விமானப் பயண நிலையில் போட்டு இணையத்தைத் துண்டித்துவிடுவது வாசகர்களுக்குள் ஊரறிந்த ரகசியம். காகித நூலகத்தில் அபராதம் கட்டிச் செய்ததை இங்கே இலவசமாகச் செய்கிறார்கள்.

2007 நவம்பரில் கிண்டில் கருவி வந்தது. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் 11,000க்கும் மேற்பட்ட நூலகங்களிலிருந்து கிண்டிலுக்கு மின்னூலை இரவல் வாங்கலாம் என்று ஆனது. பதிப்பாளர்களுக்கு அடிவயிறு கலங்கியது அதற்குப் பிறகல்ல, அதற்கு முன்பே.

அவர்கள் கையில் மியூடி காலத்துப் பதிப்பாளருக்கு இல்லாத ஓர் ஆயுதம் இருந்தது. மின்னூலை அவர்கள் விற்பதில்லை, உரிமம் கொடுக்கிறார்கள். விற்பனையே நடக்காதபோது 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முதல் விற்பனை எங்கிருந்து வரும்? நாவலுக்குள் அச்சிட்டு நீதிமன்றத்தில் தோற்ற அதே வகை நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதினால் செல்லுபடியாகிறது. இரவல், விலை என்ற பேச்சு முழுவதையும் புரட்டிப்போட்டது இந்த ஒரு மாற்றம்தான். திரை, எழுத்தளவு, பேட்டரி எல்லாம் இதற்குப் பக்கத்தில் அற்பம்.

2011 பிப்ரவரியில் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு புதிய விதியை அறிவித்தது. நூலகம் வாங்கும் ஒவ்வொரு மின்னூல் படியும் 26 முறை மட்டுமே இரவல் போகும். அதோடு உரிமம் காலி, வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். காகிதப் புத்தகம் கை மாறி மாறிக் கிழிந்து போகிறதல்லவா, அதற்கு ஈடாகத்தான் இது என்பது வாதம். இரண்டு வாரத் தவணையாகக் கணக்குப் போட்டால் 26 இரவல் சரியாக ஒரு வருடம். ஓக்லஹோமா மாநில நூலகர்கள் சிலர் தங்கள் அலமாரிகளிலிருந்து அதே பதிப்பகத்தின் காகிதப் புத்தகங்களை எடுத்து ஒரு காணொளி செய்தார்கள். தையல் விடாத முதுகு, கிழியாத தாள், கொஞ்சம் நசுங்கிய மூலை. 26ஐத் தாண்டி வெகுதூரம் போன புத்தகங்களும் அதில் இருந்தன. அதற்கு மேல் வாதாட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விதி நின்றது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. மேக்மில்லனும் சைமன் அண்ட் ஷூஸ்டரும் அப்போது நூலகங்களுக்கு மின்னூலே கொடுக்காமல் இருந்தன. 2012இல் பெங்குவின் ஓவர்டிரைவிலிருந்து விலகியது. கொடுப்போம் என்று சொன்ன ரேண்டம் ஹவுஸ் விலையை மூன்று மடங்கு வரை ஏற்றியது. பொதுமக்களுக்கு 12, 15 டாலருக்குப் போகும் மின்னூலுக்கு நூலகம் 60, 80 டாலர் கொடுக்கும் நிலை வந்தது. காகிதத்தில் எதிர்மாறாக நூலகத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும்.

பதிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காகித நூலகத்தில் இரவல் வாங்குவது ஒரு வேலை. பேருந்து பிடித்துப் போக வேண்டும், புத்தகம் வெளியே போயிருக்கும், தேதிக்குள் திருப்ப வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அலுத்துக்கொண்டு சிலர் கடையில் வாங்குவார்கள். கைப்பேசியில் இரவல் வாங்கவும் விலைக்கு வாங்கவும் ஒரே விரல் அசைவு போதும், ஒன்றுக்குக் காசு இல்லை. இதற்குப் பயப்படாதவர் வியாபாரியே அல்ல. அமெரிக்காவில் தங்கள் மின்னூல் வாசிப்பில் 45 விழுக்காடு நூலக இரவல் வழியாகவே நடக்கிறது என்று 2019இல் மேக்மில்லனின் தலைவர் ஜான் சார்ஜென்ட் கணக்குச் சொன்னார்.

கணக்கைச் சொன்னதோடு அவர் ஒரு தடையும் போட்டார். 2019 நவம்பர் 1 முதல், புதிய மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்பு ஒரே ஒரு படியைத்தான் 30 டாலருக்கு வாங்கலாம். அமைப்பு எவ்வளவு பெரிதானாலும், அதற்குக் கீழே எத்தனை கிளைகள் இருந்தாலும் ஒரு படிதான். எட்டு வாரம் கழிந்த பிறகு படிக்கு 60 டாலர் வீதம் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் உரிமம் இரண்டு வருடம் அல்லது 52 இரவல். 1894இல் நூலகம் பதிப்பாளரைப் பார்த்து ‘ஓராண்டு காத்திரு’ என்றது. 125 வருடம் கழித்துப் பதிப்பாளர் நூலகத்தைப் பார்த்து அதையே சொன்னார். முதல்முறை போலவே இதுவும் எடுபடவில்லை. சியாட்டில் வட்டாரத்தின் கிங் கவுண்டி நூலகம் உட்படப் பல நூலகங்கள் மேக்மில்லனின் புதிய மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச் 17 அன்று, கொரோனாவால் ஊர் ஊராக நூலகக் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்தபோது, மேக்மில்லன் தடையை விலக்கிக்கொண்டது.

நூலகம் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சொந்தமாக வாங்கியவர் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2009 ஜூலையில் சில அமெரிக்க வாசகர்களின் கிண்டிலிலிருந்து காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்கள் மாயமாயின. விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமையே இல்லை என்று தெரியவந்ததும் அமேசான் தூரத்திலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. அவை ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. கதாசிரியன் கற்பனை செய்தால்கூட அளவுக்கு மீறிய பொருத்தம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். பள்ளிப் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் குறிப்புகள் மட்டும் கருவியில் மிஞ்சின, எந்த வரிக்கு எழுதியவை என்று தெரியாத அநாதைக் குறிப்புகளாக. அவர் வழக்குப் போட்டார். ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பத்து வருடம் கழித்து, 2019இல், மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய புத்தகங்கள் அத்தனையும் அந்த ஜூலையில் திறக்க முடியாமல் போயின. கொடுத்த பணம் வாபஸ். ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர். மனிதன் படித்துக்கொண்டே யோசிப்பதற்கு ஒரு நிறுவனம் இதுவரை போட்ட ஒரே விலை அதுவாகத்தான் இருக்கும்.

நீதிமன்றங்கள் ஒரு பக்கமாகச் சாயவில்லை. நெதர்லாந்து நூலகங்களின் வழக்கில் 2016 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு படி ஒரு வாசகர் என்ற முறையில் மின்னூலை இரவல் கொடுப்பதும் நூலக இரவலே என்றது. அதே நாட்டிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் 2019 டிசம்பரில், படித்து முடித்த மின்னூலைப் பழைய புத்தகம்போல மறுவிற்பனை செய்ய முடியாது என்றது. ஆக, ஐரோப்பாவில் மின்னூலை இரவல் கொடுக்க நூலகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது, வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலோ, மக்களுக்கு விற்கும் மின்னூலை நியாயமான நிபந்தனைகளில் நூலகங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று மேரிலாந்து மாநிலம் கொண்டுவந்த சட்டம் 2022இல் விழுந்தது. காப்புரிமை மத்திய அரசின் விஷயம், மாநிலம் அதில் கைவைக்க முடியாது என்பது காரணம். இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு வழி பார்த்தது. கையில் இருக்கும் காகிதப் படியை வருடி, ஒரு படிக்கு ஒரு வாசகர் என்று கடன் கொடுத்தது. 2020 மார்ச்சில், ஊரடங்கைக் காரணம் காட்டி அந்த வரிசையையும் எடுத்துவிட்டது. நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கீழ் நீதிமன்றமும், 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பகங்கள் பக்கம் நின்றன. சுமார் ஐந்து லட்சம் புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து விலகின. வரிசையை எடுத்தது வலியப் போய் வம்பை வாங்கிய செயல். ஆனால் தீர்ப்பு அதோடு நிற்காமல், ஒரு படிக்கு ஒருவர் என்று கட்டுப்பாட்டோடு கொடுத்த இரவலையும் சேர்த்தே அடித்தது.

தமிழுக்கு இந்தக் கதை கொஞ்சம் தாமதமாக, வேறு வாசல் வழியாக வந்தது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் விற்பனை தொடங்கியது. தமிழ் வாசகர் மின்னூல் இரவலுக்கு முதலில் பழகியது பொது நூலகம் வழி அல்ல, மாதச் சந்தா கட்டும் கிண்டில் அன்லிமிடெட் வழி. ஒரே நேரத்தில் சில புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம், இடம் நிரம்பினால் ஒன்றைத் திருப்ப வேண்டும். எழுத்தாளருக்கு, படித்த பக்கத்தைக் கணக்கிட்டுப் பணம். பக்கத்துக்குக் காசு என்றால் நாவல் நீளும். இணையத்தில் குடும்ப நாவல் எழுதும் பலர் இந்தக் கணக்கைக் கைவிரலில் வைத்திருக்கிறார்கள். ஊர் நூலகத்தில் உறுப்பினரானால் தமிழ் மின்னூல் கிடைக்கும் வசதியைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூருக்குப் போகலாம். அந்நாட்டின் தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களை இரவல் கொடுக்கிறது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் ஆர்வலர்களோடு சேர்ந்து சுமார் 350 உள்ளூர்த் தமிழ் நூல்களை மின்மயமாக்கியும் வைத்தது.

மூன்றாவதாக ஒரு வழியும் தமிழில் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்தைத் தரவிறக்கத் தவணை கிடையாது, விலையும் கிடையாது. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனதால் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் இணையத்தில் இலவசமாக எடுத்து எந்தக் கருவியிலும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதே நாவலைக் கிண்டில் கடையில் காசு கொடுத்து எடுப்பவருக்கு உரிமம்தான் கிடைக்கிறது. இலவசமாக எடுத்தவருக்குக் கோப்பு சொந்தம், காசு கொடுத்தவருக்குச் சொந்தம் இல்லை!

இதை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே மின்பொருளை விற்பவர் ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதம், பிப்ரவரி 26 அன்று, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. அதற்கு முந்தைய சில நாட்களில், வருடக்கணக்காகச் சேர்த்த நூல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி இறக்கி வைப்பதில் உலகம் முழுக்க ஏராளமான வாசகர்கள் இரவு விழித்தார்கள். தொகுப்பாக ஒரே சமயத்தில் இறக்க அந்தப் பக்கத்தில் பொத்தான் இருக்கவில்லை.